எழுதியது நான்தானுங்க

பால் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற விவசாயி ஒருவர் ஒரு நாள் காலையில் செருப்புக் காலோடு எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்குள் வந்துவிட்டார். குளிரூட்டிய அறை, செருப்பை வாசலில் விட வேண்டும் என்பதைக் கோயில் வழக்கம் போலக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தோம். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. கையில் எங்கள் சென்டரில் அச்சடித்துக் கொடுத்த ஒரு பால் சீட்டு.

"என்ற பேரை உங்க மிசினு வெட்டிப் போட்டுருச்சு. நான் யாருன்னு இதைப் பாத்துச் சொல்லுங்க பாக்கலாம்" என்று சத்தம் போட்டார்.

குலதெய்வத்தின் பெயரும் தாத்தாவின் பெயரும் சேர்ந்த நீளமான பெயர் அவருக்கு. சீட்டில் குலதெய்வம் முழுசாக வந்திருந்தது. தாத்தா பாதியில் நின்றுபோயிருந்தார்.

முதலாளி எழுந்து வந்து, "மிசினுங்க, அதுக்கென்ன தெரியும்? எதோ தப்புப் பண்ணிருச்சு. உடுங்க, சரி பண்ணீர்லாம்" என்றார். அந்தக் காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் சொல்லப்பட்ட பதில் இது. கேட்பவர்களும் இதற்கு மேல் பேச மாட்டார்கள். மிஷினோடு யார் சண்டை போடுவது?

உள் மேசைக்குப் பின்னால் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.

"மிசினு வெட்டலீங்க. பேருக்கு எடம் பத்தாம உட்டது நான். இத்தனை நீளத்துல பேரு வரும்னு எனக்குத் தோணலீங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

விவசாயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மிஷினைத் திட்டுவதற்கு வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் இப்போது பயன்படாது என்று அவருக்குப் புரிந்தது.

"அட, நீங்களா சாமி? செரி, அதனால என்ன. அடுத்த மாசம் தாத்தனையும் சேத்துப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போதுதான் தன் செருப்பைப் பார்த்தார் போல. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எங்கோ நன்றாக இருக்கிறார் என்றுதான் நம்புகிறேன். அவரைக் கேட்காமல் எழுத மனம் ஒப்பவில்லை. எண்பதுகளின் முதல் பாதியில் சேலத்தில் அந்த சென்டரின் ஒரே புரோகிராமர் அவர். நான் டேட்டா என்ட்ரி. அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுச் சென்னையில் ஆறேழு மாதம் கோபால் படித்தவர். கோபால் என்றால் ஆள் இல்லை, கம்ப்யூட்டருக்கு எழுதுகிற ஒரு மொழி. வீட்டில் ரொம்ப நாள் யாரோ ஒரு வாத்தியாரின் பெயர் என்றே நினைத்திருந்தார்களாம். நான் ஆத்தூர்க்காரி. என் பேச்சை அவரும் அவர் பேச்சை நானும் கிண்டல் செய்துகொள்வோம். ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த முதலாளி, ஊரில் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, நூல் மில்களுக்கும் பால் சங்கங்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. பக்கத்தில் பொட்டலத்தில் பொரிகடலை இருக்கும். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வாய்க்குள் போகும். கடிக்கிற சத்தம் நின்றால் எங்கோ மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அப்போது டீக்காரர்கூடக் கிளாஸைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். மறுபடி சத்தம் கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

தப்பைத் தன்னுடையது என்று சொன்னவர், நல்லதையும் அப்படியே சொன்னார். சிக்கல் அங்கேதான் வந்தது. முதலாளி வெளியூர் மில்காரர்களை அழைத்து வந்து, "எங்க கம்ப்யூட்டரு அரை நாள்ல ஆயிரம் பேரு சம்பளத்தைப் போட்டுரும்" என்று பெருமையடிப்பார். உள்ளேயிருந்து குரல் வரும்.

"நான் எழுதுனதுங்க. நல்லா வந்திருக்குதுங்க."

வந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு முதலாளியிடம், "டைப்பிஸ்டா?" என்பார்கள்.

கோபாலில் எழுதுகிற எல்லாவற்றுக்கும் தலையில், எழுதியவர் யார் என்று குறிக்க ஒரு வரி உண்டு. மிஷினுக்கு அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. அக்கா அதில் தன் பெயரை முழுசாக எழுதுவார். முதலாளி ஒருமுறை அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, சென்டரு பேரைப் போட்டா என்ன? நாளைக்கு நீ கல்யாணமாகிப் போயிருவே. சென்டரு இங்கதானே இருக்கும்?"

"சென்டரு எழுதலீங்களே" என்றார் அக்கா.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

பெண் பார்க்க வந்த இடத்திலும் இதே கதைதான். மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு கம்ப்யூட்டரு தட்டுதாமா?" என்று கேட்க, அக்கா காப்பித் தட்டோடு நின்றுகொண்டே, "தட்டறதுக்கு வேற ஆளு இருக்குதுங்க. நான் எழுதறேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டுகிற ஆள் நான்தான். அவர்கள் போன பிறகு அண்ணன் இரண்டு நாள் பேசவில்லையாம்.

சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் தள்ளுவண்டிக் கடையில் தட்டுவடை செட் சாப்பிடுவோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் சட்னியும் வைத்துக் கொடுப்பார்கள். அங்கே நின்றுதான் ஒரு நாள் கேட்டேன்.

"ஏன்க்கா இப்படி வாயக் குடுத்து மாட்டிக்கிறீங்க? மிஷின் மேல போட்டா எல்லாருக்கும் நல்லதுதானே?"

"அது வாயில்லாதது, அது மேல எப்படிப் போடறது?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நாலு பேரு காட்டுல பண்ணயம் பண்றாங்க. வெள்ளாமை வந்தாலும் வராட்டியும், அது இன்னார் காடுன்னு சொல்றாங்கல்ல? எனக்குக் காடு இல்லே. எங்கண்ணனுக்குத்தான் வரும். எனக்குன்னு இருக்கறது நான் எழுதறதுதான். அதுல நல்லது மட்டும் என்றது, கெட்டது மிசின்றதுன்னா, அப்பறம் எதுவுமே என்றது இல்லேன்னு ஆயிரும்."

அன்று அவர் ரொம்ப மகிழ்ச்சியாக இருந்தார். ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய நூல் மில்லின் சம்பளக் கணக்கை அந்த வாரம்தான் எழுதி முடித்திருந்தார். வேலைக்கு வராத நாளை மில்லில் பலவிதமாகக் குறித்து வைத்திருந்தார்கள்: மிஷினில் கை மாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தால் ஒன்று, பிள்ளைப்பேறு என்றால் ஒன்று, காய்ச்சல் என்றால் ஒன்று, சொல்லாமல் நின்றுவிட்டால் ஒன்று. இதில் எதற்கும் மில் சம்பளம் தராது. சம்பளம் இல்லாத நாளுக்கு இத்தனை குறி எதற்கு என்று அக்கா எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குறியாக்கிவிட்டார். வந்தார், வரவில்லை. அவ்வளவுதான். எனக்கும் தட்டுவது பாதியாகக் குறைந்தது. மில் மேனேஜர் நேரில் வந்து பாராட்டினார்.

"எத்தனை சுருக்கமா இருக்குது பாத்தியா? எனக்கே திரும்பத் திரும்பப் படிக்கோணும் போல இருக்குது" என்றார் அக்கா. இன்னொரு செட் வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வருஷம் மில் மேனேஜர் போனில் ஒரு வேலை சொன்னார். ரொம்ப நாள் வேலைக்கு வராதவர்களை முதலில் வைத்து, எல்லாரையும் வரிசையாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு அது ஒரு மதியத்து வேலை. எழுதினார், ஓட்டினார், கொடுத்தனுப்பினார். எதற்கு என்று கேட்கவில்லை.

சில வாரம் கழித்து மில்லில் ஆள் குறைப்பு. வரிசையில் மேலே இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்கப் போனவர்களிடம் மில்லில் சொன்ன பதில்: "நாங்க யாரையும் பாத்து எடுக்கலை. கம்ப்யூட்டர் எடுத்துக் குடுத்தது. அதுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாது."

இது எங்களுக்குத் தெரியாது. ஒரு பெண் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்திருந்தாள். மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் வேலை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. செருப்பு இல்லாத காலைக்கூட மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். முதலாளி என்ன வேண்டும் என்று கேட்டார்.

"கம்ப்யூட்டரைப் பாக்கணும் சார்."

"பாத்து?"

"அதுக்கு எம்மேல என்னா கோவம்னு கேக்கணும்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்க வந்திருந்தாள். முதலாளி, "அது மிசினும்மா. கணக்குப் போடும், அவ்வளவுதான். மில்லுலதான் கேக்கோணும்" என்று அவளை வெளியே அனுப்பப் பார்த்தார். அதற்குள் அக்கா எழுந்து வந்துவிட்டார். விஷயத்தை முழுசாகக் கேட்டார். குழந்தையைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளை எப்பொப் பொறந்துச்சு?"

"போன ஆடியிலம்மா."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்கு எல்லாம் அந்த ஒரு பதிலில் விளங்கிவிட்டது. கை மாட்டியவர்களும், பிள்ளை பெற்றவர்களும், சும்மா நின்றவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நிறுத்தியது அவருடைய அந்த ஒரே குறி.

"கம்ப்யூட்டருக்கு உங்களைத் தெரியாதுங்க" என்றார். "அதுக்கு யாரையும் தெரியாது. எழுதுனது நான்."

அந்தப் பெண் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உங்களுக்கு எம்மேல என்னாம்மா கோவம்?"

குழந்தை பிரிண்டர் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாளே அக்கா மில்லுக்குப் போனார். பழைய வருகை அட்டைகளைக் கொடுங்கள், குறிகளைப் பிரித்துத் திரும்ப எழுதித் தருகிறேன், ராத்திரி பகல் பார்க்காமல் செய்கிறேன் என்று கேட்டார். மேனேஜர் மரியாதையாகவே பேசினாராம். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்று அட்டைகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டோம் என்றாராம். அது நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். யூனியன்காரர் ஒருவர் சென்டருக்கு வந்து, "அம்மா, நீங்க வந்து நடந்ததைச் சொல்லணும். நீங்க சொன்னா எடுபடும்" என்றார்.

அவர் போனதும் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். திட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார்.

"அந்த மில்லு போச்சுன்னா இந்த ரூமுல ஏசி ஓடாதும்மா. உன்னைய என்ற தங்கச்சியாட்டம் நெனச்சுச் சொல்றேன். போவாதே. போனீன்னா இங்க திரும்பி வராதே."

"வேற யாருங்க போறது? எழுதுனது நான்தானுங்களே" என்றார் அக்கா.

துணைக்கு நான் போனேன். முதலாளி என்னைத் தடுக்கவில்லை. அதிகாரிக்கு முன்னால் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் மில் மேனேஜரும் வக்கீலும், இன்னொரு பக்கம் யூனியன்காரர்கள். வேலை போனவர்கள் சுவரோரம் நின்றார்கள். விரல் போனவர்கள் கையைத் துண்டால் மூடியிருந்தார்கள். குழந்தைக்காரப் பெண்ணும் நின்றாள்.

அக்கா எழுந்து நின்று சொன்னார். அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மில்லில் எத்தனை விதமாகக் குறித்திருந்தார்கள், தான் ஏன் அவற்றை ஒன்றாக்கினார், சம்பளக் கணக்குக்கு அது ஏன் சரி, ஆளைக் கழிப்பதற்கு அது ஏன் பெரிய அநியாயம் எல்லாம் படிப்படியாக விளக்கினார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். யூனியன்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

வக்கீல் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார்.

"ரொம்ப நன்றிம்மா. ஒரே ஒரு சந்தேகம். நீங்க கொடுத்த வரிசையில, யார் பிரசவத்துக்குப் போனது, யார் சும்மா வராம இருந்ததுன்னு வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா அவிய அட்டையில இருந்துச்சுங்க."

"அட்டையை விடுங்க. மேனேஜர் கையில இருந்தது நீங்க கொடுத்த வரிசைதான். அதைப் பாத்தா அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

யூனியன்காரர் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அக்கா அவரைப் பார்த்தார். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார்.

"தெரியாதுங்க" என்றார்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. பிள்ளை பெற்றதற்காக மில் யாரையும் அனுப்பவில்லை, மில்லுக்கு அது தெரியவே தெரியாது, தெரியாமல் போனது இந்தப் பெண்மணி எழுதியதால், அதை அவரே ஒத்துக்கொண்டார். அன்றைக்குப் பேச்சு அதோடு திசை மாறியது.

கடைசியில் சமரசமாகப் போனார்கள். கையில் காயம் பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தழும்பைக் காட்டலாம், அவர்களெல்லாம் ஆண்கள், அவர்களுக்காகப் பேச யூனியனும் இருந்தது. நூல் சுற்றுகிற பகுதியையே மூடப்போகிறோம் என்று சொல்லிப் பெண்களை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

முடிவு தெரிந்த அன்று அலுவலக வாசலில் அந்தப் பெண் அக்காவிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நான் நடுவே போய் நின்றேன். அவள் திட்டவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க நல்லவங்கதாம்மா. அன்னிக்குச் சொல்ல வராம இருந்திருக்கலாம்."

அவள் ஊர் வழியாக மலைக்குப் போகிற பஸ் வந்து அவள் ஏறிப் போகும்வரை அக்கா அங்கேயே நின்றார். பிறகு என்னிடம், "நீ போ சாமி. நான் பொறவு வாரேன்" என்றார். அதற்குப் பிறகு சென்டருக்கு அவர் வரவில்லை. அவருடைய பென்சில்களைக்கூட நான்தான் எடுத்து வைத்தேன். ஊரில் மேலும் இரண்டு சென்டர்கள் வந்தபோது அவரைக் கேட்டார்கள் என்றும், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன பெண் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள் என்றும் காதில் விழுந்தது. வேறொருவரை எடுத்து, அக்காவின் புரோகிராமை வைத்தே முதலாளி மில் வேலையைத் தொடர்ந்தார். அந்த ஒரே குறியை மட்டும் மில்காரர்களே பிரித்து எழுதச் சொன்னார்கள். புதிதாக வந்தவர் ஒரு மணி நேரத்தில் அதைச் செய்துவிட்டார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குத் திருச்செங்கோடு போனேன். அக்காவின் அண்ணன் அதற்குள் போர்வெல் ரிக் வண்டி வாங்கி, மெயின் ரோட்டிலேயே ஆபீஸ் போட்டிருந்தார். விசாரித்துக்கொண்டு போனேன். அக்கா போன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆகவில்லை.

நான் அதற்குள் வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வந்திருந்தேன். அக்காவைத் தேடிப் போனதே அதற்குத்தான் என்பதால் நேராகச் சொன்னேன்.

"அக்கா, எங்ககிட்ட வந்துடுங்க. புது மிஷின் வந்திருக்கு. எழுதறதுக்கு ஆள் இல்ல. உங்களப் பத்தி எல்லாம் சொல்லிட்டேன், அவங்க சரின்னுட்டாங்க."

அக்கா டீ வரவழைத்தார். நான் பாதி குடித்த பிறகுதான் பேசினார்.

"அன்னைக்கு நான் பேசுனது ஞாபகம் இருக்குதா உனக்கு? எத்தனை நல்லா வெளக்குனேன். பேசிக்கிட்டு இருக்கறப்பவே மனசுக்குள்ள, நல்லா வருது, நல்லா வருதுன்னு ஒரு சந்தோசம். அந்தப் பொண்ணு கொழந்தையோட எதுத்தாப்ல நிக்குது, எனக்குச் சந்தோசம். அந்த வரிசையை எடுத்துக் குடுன்னு கேட்டப்பவும் அப்படித்தான். எதுக்குன்னு கேட்டா வேலை தெரியாதவன்னு நெனச்சுக்குவாங்கன்னு கேக்கலை. வந்தா நல்லாத்தான் எழுதுவேன். அதுதான் வேண்டாம்னு இருக்குது."

"எல்லாரும் உங்களாட்டம் ஒதுங்கிட்டா, யாருதான்க்கா எழுதறது?"

"அதுவும் தெரியுது" என்றார். "ஆனாலும் முடியலை சாமி."

போன் அடித்தது. ஆந்திராவில் எங்கோ வண்டி நின்றுவிட்டது என்று டிரைவர் கத்துவது எனக்கே கேட்டது. அவரைச் சமாதானப்படுத்தி, மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வைத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். வழியில் என்னென்னவோ பேசினோம். பஸ் வந்து நான் படியில் கால் வைத்தபோது, அவ்வளவு நேரமும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"மில்லுச் சம்பளம் இன்னும் என்ற புரோகிராம்லதான் போடறாங்களா?"

"ஆமாக்கா. சென்டர்ல இருக்கறவங்க சொன்னாங்க, அதேதான்."

"எங்காச்சும் நின்னுச்சா?"

"ஒரு தடவகூட நிக்கலக்கா."

அவர் முகம் பூராவும் சிரிப்பு வந்தது. பொரிகடலையைக் கடித்துக்கொண்டு எழுதிய நாட்களில்கூட அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. மறுநிமிஷம், யாராவது பார்த்துவிட்டார்களா என்பது போலச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைக்கிற மாதிரி அதை மறைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.